உலக சுகாதாரத்தின் கஜானா சாவி

2017 மே 23. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஜெனிவாவில் தங்கள் அடுத்த தலைமை இயக்குநரைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் நிர்வாகக் குழு தனக்குள் பேசி ஒரே ஒரு பெயரை முடிவு செய்யும். எல்லா உறுப்பு நாடுகளும் அமரும் மாமன்றம் அதை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். எல்லா நாடுகளின் முன்பும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வைக்கப்பட்டது அந்த ஆண்டுதான் முதன்முறை. எத்தியோப்பியாவின் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசுஸ், பிரிட்டனின் டேவிட் நபாரோ, பாகிஸ்தானின் சானியா நிஷ்தர் ஆகிய மூவர் களத்தில் நின்றார்கள். ரகசிய வாக்கெடுப்பு மூன்று சுற்றுகள் நடந்தது. கடைசிச் சுற்றில் டெட்ரோஸுக்கு 133, நபாரோவுக்கு 50. பசிபிக்கில் புள்ளியாகக் கிடக்கும் துவாலுவுக்கும் ஒரு ஓட்டு, அமெரிக்காவுக்கும் ஒரு ஓட்டு. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

நாற்காலி கிடைத்தது. கஜானா கிடைக்கவில்லை. அவர் பொறுப்பேற்ற காலத்தில் நிறுவனத்தின் மொத்த வரவில் உறுப்பு நாடுகளின் சந்தா ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் நன்கொடை. அந்த நன்கொடையின் பெரும்பகுதி, இந்த நோய்க்கு, இந்த நாட்டில், இந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட பணம். 133 நாடுகள் நம்பித் தேர்ந்தெடுத்த மனிதர், எந்த நோய்க்கு முதலிடம் என்பதைத் தன் கையிலிருக்கும் பணத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாத இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

இந்த நிலைமைக்கு பில் கேட்ஸ்தான் காரணம் என்று சமூக ஊடகங்களில் சொல்பவர்கள் ஏராளம். அமெரிக்காதான் காரணம் என்பார் இன்னொரு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வரவு செலவுக் கணக்கை முப்பது நாற்பது ஆண்டு பின்னோக்கிப் புரட்டினால், கதவைத் திறந்து வைத்தவர்கள் உறுப்பு நாடுகளே என்பது தெரியும். நம் நாடும் அதில் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்துக்கு இரண்டு வகையில் பணம் வருகிறது. முதலாவது, உறுப்புச் சந்தா. ஒவ்வொரு நாடும் தன் செல்வத்தையும் மக்கள்தொகையையும் பொறுத்துக் கட்ட வேண்டியது. அமெரிக்காவின் பங்குக்கு 22 சதவீதம் என்ற உச்சவரம்பு இருந்தது. இந்தியாவின் பங்கு 1 சதவீதத்தை ஒட்டி வரும். மாமன்றம் ஒப்புக்கொண்ட வேலைத்திட்டத்தில் எங்கே தேவையோ அங்கே இந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். இரண்டாவது, தாமாக முன்வந்து தரும் நன்கொடை. நாடுகளும் தரும், அறக்கட்டளைகளும் தரும், உலக வங்கி போன்ற பிற அமைப்புகளும் தரும். இதில் நிபந்தனை இல்லாமல் வருவது மிகக் குறைவு.

ஊர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படிக்குப் போட்டி இருக்கும். ஆறாம் நாள் யாருக்கு, தேரோட்டம் யாருக்கு என்று குடும்பங்களுக்குள் மனத்தாங்கல்கூட வரும். வருஷம் முழுக்க விளக்குக்கு எண்ணெய் வாங்கவும், மடப்பள்ளியில் வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரும் அப்படி முன்வருவதில்லை. ஜெனிவாவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். போலியோவுக்குப் பணம் கிடைக்கும். ஏழை நாடு ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவைச் சீராக்கவும், கிராமச் செவிலியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுக்கவும், கொள்ளைநோய் வராத ஆண்டுகளிலும் கண்காணிப்பு அறையைத் திறந்து வைத்திருக்கவும் கேட்டால் கை விரியும்.

சென்னையில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1948 ஏப்ரல் 7 அன்று நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகு, முதல் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் சந்தாதான் அதன் முதுகெலும்பு. அந்தக் காலத்தின் வேலைகளில் ஒன்று நம் ஊரில் நடந்தது. 1956-இல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்து ஊட்டச்சத்தும் ஓய்வும் கொடுத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? அல்லது ஒண்டுக் குடித்தனத்தில், அரைவயிறு சாப்பாட்டோடு, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா?

ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையின் போக்கை அந்த முடிவு மாற்றியது. இதில் விற்பனைக்கு எதுவும் இல்லை, திறப்பு விழா நடத்தக் கட்டடமும் இல்லை. படுக்கை வேண்டாம் என்று நிரூபித்த ஆராய்ச்சி அது. ஏழை நாடுகளுக்கு எது தேவை என்று யோசித்துக் கேட்ட கேள்வி.

அந்த ஆண்டுகளில் இந்தியாவின் காசநோய்த் திட்டத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார் ஹால்ஃப்டன் மாலர் என்ற இளம் டென்மார்க் மருத்துவர். 1951-இல் இந்தியா வந்தவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இங்கேதான் இருந்தார். 1973-இல் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1988 வரை, மூன்று தடவை, அந்தப் பொறுப்பில் நீடித்தார். நிறுவனத்தின் வரலாற்றில் அவரைப் போல் கொள்கையால் வழிநடத்திய தலைவர் இன்னொருவர் இல்லை என்பது என் கருத்து.

1977-இல் அவர் காலத்தில்தான் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியல் வந்தது. சந்தையில் ஆயிரக்கணக்கில் குவிந்துகிடக்கும் மருந்துகளில், ஒரு நாட்டின் பெரும்பாலான நோய்களுக்குப் போதுமானவை சுமார் 200 என்று அந்தப் பட்டியல் சொன்னது. 1990-களின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளின் பட்டியலை இப்படிச் சுருக்கி, மொத்தமாக ஏலம் கோரி வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்த்ததன் வேர் இந்தச் சிந்தனையில்தான் இருக்கிறது. 1978 செப்டம்பரில் சோவியத் கசகஸ்தானின் அல்மா அட்டாவில் 'அனைவருக்கும் நலவாழ்வு' என்ற பிரகடனம் வந்தது. ஆரம்ப சுகாதாரம் மக்களின் உரிமை என்றும், அதற்கு 2000-ஆம் ஆண்டு கெடு என்றும் நாடுகள் ஒப்புக்கொண்டன. 1981-இல் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடரை விளம்பரம் செய்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் நெறிமுறை மாமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 118 ஓட்டு. எதிராக ஒரே ஒரு ஓட்டு, அமெரிக்காவுடையது.

மருந்து நிறுவனங்களையும் பால்பவுடர் நிறுவனங்களையும் ஒருசேரப் பகைத்துக்கொண்ட தலைமைக்கு என்ன ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1982-இல் மாமன்றம் சந்தா வரவைப் பணவீக்கத்துக்கு மேல் உயராமல் நிறுத்திவைத்தது. 1985-இல் அமெரிக்கா தன் சந்தாவைத் தராமல் நிறுத்தியது. அத்தியாவசிய மருந்துத் திட்டத்தின் மீதான கோபம் அதற்கு ஒரு காரணம் என்று பொதுச் சுகாதார வரலாற்றாசிரியர்கள் தியடோர் பிரவுன், மார்கோஸ் குவேட்டோ, எலிசபெத் ஃபீ மூவரும் எழுதியிருக்கிறார்கள். 1993-இல் பணவீக்கத்துக்கான உயர்வும் போயிற்று. அதாவது டாலரின் மதிப்பு குறையக் குறைய சந்தா வரவின் உண்மை மதிப்பும் ஆண்டுதோறும் தேய்ந்தது. 1970-இல் நிறுவனத்தின் செலவில் நன்கொடைப் பணம் ஐந்தில் ஒரு பங்குதான். 1990-களின் தொடக்கத்தில் அது 54 சதவீதம்.

இந்த முடிவுகளை எடுத்தது பெரிய நாடுகள் மட்டுமில்லை. ஏழை நாடுகளும் சந்தா உயராமல் இருப்பதில் நிம்மதி கண்டன. நிறுவனம் தங்களுக்குத்தான் அதிகம் தேவை என்று தெரிந்தும்.

எண்ண முடிந்தவை, எண்ண முடியாதவை

அல்மா அட்டாவின் மை காய்வதற்குள், 1979-இல், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்குச் சொந்தமான பெல்லாஜியோ மாளிகையில் ஒரு சிறு மாநாடு நடந்தது. அனைவருக்கும் முழுமையான ஆரம்ப சுகாதாரம் என்பது நல்ல லட்சியம், ஆனால் கட்டுப்படியாகாது. அதிகம் கொல்லும் சில நோய்களைத் தேர்ந்தெடுத்து, குறைந்த செலவில் அதிக உயிரைக் காப்பாற்றும் சில வழிகளில் மட்டும் பணத்தைப் போடுவோம் என்பது அங்கே உருவான வாதம். பிறகு யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அதைக் கையில் எடுத்தார். குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

அந்த நான்கும் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றின. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாநாட்டில் இன்னொன்றும் நடந்துவிட்டது. எண்ணிக் காட்ட முடிந்த வேலைக்குத்தான் பணம் என்ற பழக்கம் அங்கிருந்து நிலைபெற்றது. எத்தனை ஊசி போட்டோம், எத்தனை கொசுவலை கொடுத்தோம் என்பதை நன்கொடையாளரின் ஆண்டறிக்கையில் அச்சடிக்கலாம். ஒரு வட்டார மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்குப் பிரசவம் பார்க்க ஆள் இருந்தார் என்பதை அப்படி அச்சடிக்க முடியாது. இன்று உலகில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்கு இதயநோய், புற்றுநோய், நீரிழிவு போன்ற தொற்றாத நோய்களால் நிகழ்கிறது. வளரும் நாடுகளுக்கு வரும் சுகாதார உதவிப் பணத்தில் அவற்றுக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு. நம் வீடுகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் அநியாயம் விளங்கும்.

மாலருக்குப் பின் வந்த ஜப்பானின் ஹிரோஷி நாகாஜிமாவின் பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1993-இல் அவர் மறுபடி தேர்வாகும்போது, ஜப்பான் சிறு நாடுகளைத் தன் வணிகத்தைக் காட்டி நெருக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மாலத்தீவின் மீனும் ஜமைக்காவின் காப்பியும் அதில் பேசப்பட்டன. அதே 1993-இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கை முழுவதையும் சுகாதாரத்துக்கு ஒதுக்கி வெளியிட்டது. உலக சுகாதாரக் கொள்கையைப் பேசும் மேடை ஜெனிவாவை விட்டு வாஷிங்டனுக்கு நகர்ந்துவிட்டது என்பதை அந்த அறிக்கை ஊருக்கே அறிவித்தது.

2000-இல் கேட்ஸ் அறக்கட்டளை வந்தபோது மேடை இப்படித்தான் இருந்தது: பசியோடு ஒரு நிறுவனம், கட்டிப்போட்ட சந்தா. 75 கோடி டாலர் முதல் கொடையோடு காவி தடுப்பூசிக் கூட்டணி தொடங்கியது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் 2002-இல் வந்தது. இரண்டுக்கும் தலைமையகம் ஜெனிவாதான், ஆனால் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்துக்கு வெளியே தனி ஆட்சிக்குழுவோடு அமைந்தவை. உலக நிதியத்தின் ஆட்சிக்குழுவில் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓட்டுகூட இல்லை. 2022-23-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகம் கொடுத்தவர் பட்டியலில் அமெரிக்கா முதலிடம், சுமார் 128 கோடி டாலர். ஜெர்மனி சுமார் 86 கோடி. மூன்றாவது இடத்தில் ஒரு நாடு இல்லை. சுமார் 83 கோடி டாலரோடு கேட்ஸ் அறக்கட்டளை இருந்தது.

அந்தப் பணத்தின் எடையை உள்ளே இருந்து சொன்னவர் ஒருவர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியாப் பிரிவுத் தலைவர் அராட்டா கோச்சி. அப்போதைய தலைமை இயக்குநர் மார்கரெட் சானுக்கு அவர் எழுதிய உள்குறிப்பு ஒன்று 2008 பிப்ரவரியில் பத்திரிகைக்குக் கசிந்தது. மலேரியா ஆராய்ச்சியில் முன்னணி விஞ்ஞானிகள் பலரும் ஒரே அறக்கட்டளையின் பணத்தில் இயங்குவதால் ஒருவர் ஆய்வை இன்னொருவர் தயங்காமல் விமர்சிக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. கொள்கை வகுக்கும் நிறுவனத்தின் பொறுப்பே கையை விட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது என்பது அவர் எச்சரிக்கை. அறக்கட்டளை யாரையும் மிரட்டியதாக அவர் சொல்லவில்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. அடுத்த ஆராய்ச்சிக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்தவர் தன் கேள்விகளைத் தானே சுருக்கிக்கொள்வார்.

புள்ளிவிவரத்திலும் இதே கதைதான். எந்த நாட்டில் எந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிடுவது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வேலை. 2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்ஸ் பணத்தில் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. 2017-இல் அதற்கு மேலும் 27.9 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரச்சினையை அளப்பவரும், தீர்வுக்குப் பணம் கொடுப்பவரும், தீர்வு பலித்ததா என்று மதிப்பிடுபவரும் ஒரே கொடையாளரின் நிழலில் நின்றால், எதிர்க் கணக்கு போடுவதற்கு யார் மிஞ்சுவார்கள்?

மெலியாந்து முதல் லேகோஸ் வரை

2013 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், மெலியாந்து என்ற கிராமத்தில் ஒரு குழந்தை இறந்தது. எபோலா அங்கிருந்துதான் புறப்பட்டது என்று பின்னால் கண்டறியப்பட்டது. 2014 ஜூனில், நோய் கட்டுமீறிவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எச்சரித்தது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்று. அதற்குள் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் மருத்துவமனை வாசல்களில் நோயாளிகள் படுத்துக் கிடந்தார்கள். முடிவில் 28,600-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு, 11,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பல நூறு பேர் சுகாதார ஊழியர்கள்.

தாமதத்துக்குத் தலைமையின் தயக்கமும், ஆப்பிரிக்கப் பிராந்திய அலுவலகத்தின் மெத்தனமும் காரணங்கள். அவற்றை மறைக்க முடியாது. ஆனால் 2012-13-இல் 46.9 கோடி டாலராக இருந்த நெருக்கடிகால நிதி ஒதுக்கீடு 2014-15-இல் 22.8 கோடியாக வெட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2011-இன் நிதி நெருக்கடிக்குப் பின் ஜெனிவாவில் நூற்றுக்கணக்கான வேலைகள் போயின. கொள்ளைநோய்களோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்களும் வெளியேறினார்கள். தன் வரவு செலவு நன்கொடையாளர்களின் விருப்பப்படி நடக்கிறது என்று மார்கரெட் சான் அப்போது பகிரங்கமாகவே சொன்னார். அடுத்த ஆண்டு வரக்கூடிய, இன்னும் பெயர் வைக்காத தொற்றுக்குப் பணம் கொடு என்று எந்த நன்கொடையாளரிடம் கேட்பது?

இதே எபோலாக் காலத்தில் நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 2014 ஜூலையில் நைஜீரியாவின் லேகோஸ் நகரத்துக்கு, இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் ஊருக்கு, விமானத்தில் எபோலா வந்திறங்கியது. 20 பேரோடு, 8 மரணங்களோடு அது அடக்கப்பட்டது. எப்படி? போலியோ ஒழிப்புக்காக நைஜீரியாவில் அமைத்த அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்களும் முறைகளும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. நோயாளிகளோடு பழகியவர்களை வீடுவீடாகத் தேடிப்போனார்கள். அந்த மையத்தைக் கட்டியதில் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே தனியார் கொடையை ஒட்டுமொத்தமாகத் தூற்றுவது நியாயமாகாது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதற்குப் பின்னாலும் இந்த வகைப் பணம் இருந்தது, கூடவே இந்திய அரசின் பெரும் பணமும் இருந்தது. என் கவலை வேறு. லேகோஸில் உயிர்களைக் காப்பாற்றியது, வேறொரு நோய்க்காகத் தற்செயலாக அங்கே இருந்த ஏற்பாடு. மெலியாந்துவில் அப்படி எதுவும் இருக்கவில்லை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் உலக சுகாதார நிறுவன அலுவலக ஊழியர்களுக்குச் சம்பளமே போலியோப் பணத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. போலியோ ஒழிந்தால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று நிறுவனம் உள்ளுக்குள் பயந்ததும் உண்மை. 2025 மே மாதத்தில் பில் கேட்ஸ், தன் அறக்கட்டளை அடுத்த 20 ஆண்டுகளில் 20,000 கோடி டாலரைச் செலவழித்துவிட்டு 2045-இல் மூடப்படும் என்று அறிவித்தார். தன் சொத்தை உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடிக்கும் எண்ணம் மதிக்கத்தக்கது. அந்தப் பணத்தின் மேல் நிற்கும் தடுப்பூசித் திட்டங்கள் 2046-இல் எதன் மேல் நிற்கும் என்பதற்கு உலக சுகாதார மாமன்றம் இப்போதே பதில் தேட வேண்டும்.

ஒரு தலைவரால் என்ன முடியும்?

பணம் கட்டிப்போட்டாலும் தலைமைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1998-இல் பொறுப்பேற்ற நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், புகையிலை நிறுவனங்களோடு நேருக்கு நேர் மோதினார். நிறுவனத்தின் சாசனம் கொடுத்த அதிகாரத்தை முதன்முறையாகப் பயன்படுத்தி, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை ஒன்றுக்குப் பேச்சுவார்த்தை நடத்தி, 2003-இல் நிறைவேற்றினார். சிகரெட் பெட்டியில் நாம் பார்க்கும் அந்தப் பெரிய எச்சரிக்கைப் படங்களுக்குப் பின்னால் அந்த உடன்படிக்கை இருக்கிறது. பெரும் நன்கொடை கேட்டு அந்த வேலை நடக்கவில்லை. சட்டம் தெரிந்த சிலரும், அசையாத தலைமையும் போதுமானதாக இருந்தன.

டெட்ரோஸின் கணக்கில் சறுக்கல்கள் உண்டு. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, 2017 அக்டோபரில், ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேயை நல்லெண்ணத் தூதராக நியமித்தார். உலகமே அதிர்ந்து எதிர்த்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார். ஓட்டுப் போட்டவர்களைத் திருப்திப்படுத்துவதும் ஒரு வகைக் கடன்தான் என்று அப்போது பலரும் எழுதினார்கள்.

பிராந்திய அலுவலகங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தந்தப் பகுதி நாடுகளின் அமைச்சர்கள். அங்கே தகுதியைவிட ஆட்சியாளர்களின் உறவு எடைபோடும். டெல்லியில் இருக்கும் தென்கிழக்கு ஆசிய அலுவலகத்துக்கு 2023 நவம்பரில் தேர்வானவர் சைமா வாஜெத், அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவின் மகள். அவரை எதிர்த்து நின்றவர், நிறுவனத்தில் பல்லாண்டு அனுபவம் உள்ள நேபாளத்தின் ஷம்பு ஆச்சார்யா. முடிவு 8-க்கு 2. ஹசீனா ஆட்சி கவிழ்ந்த பின் வங்கதேச ஊழல் தடுப்பு ஆணையம் சைமா மீது வழக்குகள் தொடுத்தது. 2025 ஜூலையில் அவர் விடுப்பில் அனுப்பப்பட்டார். வழக்குகளின் உண்மை நீதிமன்றத்தில்தான் தெரியவேண்டும். ஆனால் இருநூறு கோடி மக்களின் சுகாதாரத்தை வழிநடத்தும் பதவி ஒரு நாட்டின் அரசியலோடு இவ்வளவு பின்னிக் கிடப்பது தவறு என்று சொல்ல நீதிமன்றம் தேவையில்லை.

ஆனாலும் டெட்ரோஸ் செய்த ஒன்றை நான் பெரிதாக மதிக்கிறேன். 2022 மே மாமன்றத்தில், சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி 2030-31-க்குள் அடிப்படை வரவு செலவில் பாதியாக்குவது என்று நாடுகளை ஒப்புக்கொள்ள வைத்தார். நாற்பது ஆண்டு உறைந்து கிடந்த கணக்கு அது. 2023-இல் முதல் 20 சதவீத உயர்வு. 2025 மே மாதத்தில் அடுத்த 20 சதவீதம். இரண்டாவது உயர்வுக்கு நாடுகள் தலையசைத்தபோது மண்டபத்தில் அமெரிக்கா இல்லை.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற சில மணி நேரத்தில், டிரம்ப் விலகல் உத்தரவில் கையெழுத்திட்டார். 1948-இல் சேரும்போதே, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து, பாக்கியையும் கட்டிவிட்டு விலகலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் நிபந்தனை வைத்திருந்தது. அந்தக் கெடு 2026 ஜனவரி 22. 2024-25-க்கான சந்தாவை அமெரிக்கா கட்டவில்லை. 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட 530 கோடி டாலர் வரவு செலவு 420 கோடியாகக் குறைக்கப்பட்டது. தலைமையகத்தின் 76 துறைகள் 34 ஆகச் சுருங்கின. மேல்மட்ட நிர்வாகிகள் 14-இலிருந்து 7. ஓராண்டுக்கு 210 கோடி டாலர் என்பது உலகம் ஆயுதங்களுக்கும் ராணுவங்களுக்கும் எட்டு மணி நேரத்தில் செலவழிக்கும் தொகை என்று டெட்ரோஸ் மாமன்றத்தில் சொன்னார். அதே கூட்டத்தில் சீனா ஐந்து ஆண்டுகளில் 50 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. ஒரு பெரிய கொடையாளர் எழுந்து போன நாற்காலியில் இன்னொருவர் உட்காரத் தயாராக இருக்கிறார். அது மட்டும் நடந்தால், யாருக்குத் தலைவணங்குவது என்பதுதான் மாறும்.

இந்தியா கொடுத்த 25 கோடி

இங்கேதான் நம் நாட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2022-இல் குஜராத்தின் ஜாம்நகரில் பாரம்பரிய மருத்துவத்துக்கான உலக மையம் ஒன்றை அமைக்க இந்தியா உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. அதற்கு இந்தியாவின் முதலீடு 25 கோடி டாலர். அடிக்கல் நாட்டு விழாவுக்கு டெட்ரோஸ் நேரில் வந்தார். மறுநாள் காந்திநகரில் பிரதமர் மோடி அவருக்குத் துளசிபாய் என்று குஜராத்திப் பெயர் சூட்டினார். சித்த மருத்துவத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் மண்ணைச் சேர்ந்தவன் என்ற முறையில், மரபு மருத்துவத்தை அறிவியல் முறைப்படி சோதிக்கும் மையம் வேண்டும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தியாவின் ஆண்டுச் சந்தா எவ்வளவு சிறியது என்பதோடு இந்தத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பணம், எங்கள் விருப்பம், எங்கள் மாநிலத்தில் கட்டடம் என்பதே இதன் பொருள். கேட்ஸ் அறக்கட்டளை மீதும் வாஷிங்டன் மீதும் நாம் வைக்கும் விமர்சனம் அப்படியே நம் மீதும் பொருந்துகிறது.

இத்தனைக்கும் இந்த ஆபத்து டெல்லிக்குத் தெரியும். எந்தத் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்ப்பது என்று ஆலோசனை சொல்லும் நம் தேசியத் தொழில்நுட்பக் குழுவுக்கான செயலகப் பணிகள் ஒரு காலத்தில் கேட்ஸ் பணத்தில் நடந்தன. நலன்களின் மோதல் என்ற விமர்சனம் வந்தபின், 2017-இல் அரசு அதைத் தன் செலவுக்கு மாற்றிக்கொண்டது. சரியான முடிவு. தன் வீட்டில் பின்பற்றிய அந்த நியாயத்தை இந்தியா ஜெனிவாவிலும் பேச வேண்டும். சேத்துப்பட்டின் அந்தக் காசநோய் மையத்துக்குப் பின்னாளில் இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன், 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியானார். இப்படிப்பட்ட அறிவை உலகுக்குக் கொடுக்க முடிந்த நாடு, நிபந்தனையில்லாத பணத்தையும் கொடுக்க முடியும்.

டெட்ரோஸின் பதவிக்காலம் 2027 ஆகஸ்டில் முடிகிறது. அதற்கு முந்தைய மே மாதத்தில் மாமன்றம் மீண்டும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். வேட்பாளர்கள் டெல்லிக்கு ஆதரவு கேட்டு வருவார்கள். அப்போது எந்தெந்த அறக்கட்டளையிடமும் அரசிடமும் என்னென்ன நிபந்தனையோடு பணம் வாங்குவீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று நம் சுகாதார அமைச்சகம் கேட்க வேண்டும். அந்தப் பதில்களை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். கூடவே, ஜாம்நகருக்குக் கொடுத்ததில் பாதியாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தருவோம் என்று, ஓட்டுப் போடுவதற்கு முன்பே இந்தியா அறிவிக்க வேண்டும்.